கல்லூரிக் கணினிப் பாடமும் தோட்டத்து நிறுவைச் சீட்டும்

இடைநிலைப் பள்ளியை முடித்துப் பாலிடெக்னிக்கிற்கும் கல்லூரிக்கும் செல்லும் தோட்டத்துப் பிள்ளைகளுள் பலர் இன்று கணினித் துறையைத் தேர்ந்தெடுக்கின்றனர். வீட்டுக்கு ஒருவரேனும் உயர்கல்வி பெற்றுவிட வேண்டும் என்று பால்மரத்தடியில் உழைத்த பெற்றோர்க்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியாகும். ஆயினும் அப்பிள்ளைகளுள் சிலர் முதலாண்டிலேயே ஒரு பாடத்தில் இடறி நிற்பதையும் நாம் காண்கிறோம். அப்பாடத்தைக் கல்லூரியில் ‘ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங்’ என்பர். தமிழில் ‘பொருள்நோக்கு நிரலாக்கம்’ என்று வழங்குகிறது.

கூட்டல், கழித்தல், திரும்பத் திரும்பச் செய்தல் என்னும் தொடக்கப் பாடங்களை ஓரளவு எளிதாகக் கடந்துவிட்ட மாணவர், இப்பாடத்துக்கு வந்ததும், “எனக்கு ஒன்றும் புரியவில்லை, என் தலைக்கு இது ஏறாது” என்று சோர்ந்து விடுகிறார். சிலர் துறையை மாற்றிக்கொள்கின்றனர். சிலர் படிப்பையே விட்டு வீடு திரும்புகின்றனர். வீட்டிலோ அவருக்கு ஆறுதல் சொல்ல முடிகிறதேயன்றிப் பாடத்தைப் பற்றி ஒரு சொல் சொல்ல முடிவதில்லை. கல்வியில் பின்தங்கியவர் என்ற எண்ணம் ஒரு பிள்ளையின் மனத்தில் ஒருமுறை பதிந்துவிட்டால் அதனை அகற்றுவது கடினம். ஆகவே இப்பாடம் எதைப் பற்றியது என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே அறிந்துகொள்வது நலம்.

இப்பாடத்தின் அடிப்படைக் கருத்து தோட்டத்தில் நாள்தோறும் நடக்கும் வேலையிலேயே இருக்கிறது. அதனை இக்கட்டுரையில் படிப்படியாக விளக்குவோம்.

ரிங்லெட்டின் நிறுவைத் தராசு

நாம் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு ரப்பர்த் தோட்டத்தைச் சார்ந்ததன்று; தேயிலைத் தோட்டத்தைச் சார்ந்தது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில், பகாங் மாநில எல்லைக்குள் முதலில் நம்மை வரவேற்கும் ஊர் ரிங்லெட். கடல் மட்டத்திற்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள குளிர்ந்த ஊர் அது. அங்கும் தமிழ்ப்பள்ளி உண்டு. ரிங்லெட்டுக்கு அடுத்த ஹபு வட்டாரத்து மலைச்சரிவுகளில், 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. ரப்பர்த் தோட்டங்களைப் போலவே அம்மலைத் தோட்டங்களையும் உருவாக்கியதில் தமிழ்த் தொழிலாளர்களின் பங்கு பெரிது.

ரப்பர்த் தோட்டத்தார் மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோரில் நிறுக்கின்றனர். தேயிலைத் தோட்டத்தார் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக உள்ள கொழுந்தைச் சேர்த்துத் தராசில் நிறுக்கின்றனர். முன்பு கையால் கிள்ளிய கொழுந்தை இன்று பெரும்பாலும் கத்தரியாலும், இருவர் சேர்ந்து பிடிக்கும் இயந்திரத்தாலும் வெட்டுகின்றனர். எப்படி எடுத்தாலும் முடிவில் எடை நிறுக்கப்பட்டு ஒருவர் பெயரில் எழுதப்படுகிறது. அந்த எழுத்திலிருந்தே கூலி கணக்கிடப்படுகிறது. நம் பாடத்துக்கு இது ஒன்றே போதும்.

பழைய முறையும் அதன் இடரும்

நிரல் என்பது கணினிக்கு நாம் இடும் கட்டளைகளின் வரிசை. ‘எடையை வாங்கு, கிலோவுக்கான கூலியால் பெருக்கு, விடையை எழுது’ என்று மூன்று கட்டளைகள் எழுதினால் ஒருவரின் கூலி கிடைத்துவிடும். கல்லூரியின் முதற் பாடங்களில் மாணவர்கள் எழுதுவது இத்தகைய நிரல்களே.

தோட்டத்தில் ஒருவர் மட்டும் இருப்பதில்லை. இருநூறு பேர் இருந்தால், இருநூறு பெயர்கள் ஓர் ஏட்டிலும், இருநூறு எடைகள் மற்றோர் ஏட்டிலும், வேலை நாட்கள் மூன்றாவது ஏட்டிலும், கூலி போடும் விதி நான்காவது ஏட்டிலும் எழுதி வைத்தோம் என்று கொள்வோம். ஓர் ஏட்டில் ஒரு வரி தவறிப் போனால் பதினான்காம் பெயருடையவரின் எடை பதினைந்தாம் பெயருடையவருக்குச் சென்றுவிடும். சிறிய தோட்டத்தில் கிராணியார் கண்ணால் பார்த்துத் திருத்திவிடுவார். பத்தாயிரம் பெயர்கள் உள்ள இடத்தில் அப்படிச் செய்ய இயலாது. நிரல்கள் பெரிதாகப் பெரிதாக உலகெங்கும் இந்த இடரே எழுந்தது.

இதற்குக் கண்ட வழி எளிது. ஒருவரைப் பற்றிய செய்திகளை நான்கு ஏடுகளில் சிதறவிடாமல் அவருக்கென்று ஒரே சீட்டில் எழுதுவது. அச்செய்திகளைக் கொண்டு செய்ய வேண்டிய கணக்கையும் அச்சீட்டோடு சேர்த்தே வைப்பது. செய்தியும் செயலும் ஓரிடத்தில் சேர்ந்திருப்பதே பொருள்நோக்கு நிரலாக்கத்தின் உயிர்நிலை.

வெற்றுப் படிவமும் நிரப்பிய சீட்டும்

மாணவர்கள் முதலில் குழம்புவது ‘கிளாஸ்’, ‘ஆப்ஜெக்ட்’ என்னும் இரு சொற்களில். தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூல்களில் இவற்றை இனக்குழு என்றும் பொருள் என்றும் குறிப்பிடுகின்றனர். நம் மலாய் வகுப்புகளில் கெலாஸ், ஒப்ஜெக் என்பர்.

அலுவலகத்தில் அச்சடித்து அடுக்கி வைத்துள்ள வெற்றுப் படிவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ‘பெயர் எண்’, ‘மொத்த எடை’ என்று தலைப்புகள் இருக்கும். எதிரே இடம் காலியாக இருக்கும். அந்தப் படிவத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. அது எந்த மனிதரையும் குறிப்பதன்று. ஒரு தொழிலாளியைப் பற்றி என்னென்ன எழுத வேண்டும் என்னும் அமைப்பை மட்டுமே அது காட்டுகிறது. இதுவே இனக்குழு. அந்தப் படிவத்தை எடுத்துப் பெயர் எண் 14 என்று நிரப்பியவுடன் அது ஒரு குறிப்பிட்ட தொழிலாளியின் சீட்டு ஆகிறது. இதுவே பொருள். ஒரு படிவத்திலிருந்து எத்தனை சீட்டு வேண்டுமானாலும் எடுக்கலாம். பதினான்காம் சீட்டில் எழுதும் எடை பதினைந்தாம் சீட்டைத் தொடுவதில்லை.

நம் எடுத்துக்காட்டின் படிவம் இவ்வாறு அமையும்:

படிவத்தின் பெயர்: கொழுந்துத் தொழிலாளி
வைத்திருப்பவை: பெயர் எண், மொத்த எடை
செய்யக் கூடியவை: எடை சேர், கூலி சொல்

வைத்திருப்பவற்றைப் பண்புகள் என்றும் செய்யக் கூடியவற்றைச் செயற்கூறுகள் என்றும் சொல்லலாம். தாளில் அச்சிட்ட படிவம் தானே கணக்குப் போடாது. கணினியில் உள்ள சீட்டோ, ‘கூலி சொல்’ என்று கேட்டால் தன்னிடம் உள்ள எடையைக் கொண்டு தானே கணக்கிட்டுச் சொல்லும். தாளுக்கும் கணினிக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவே.

புதிய சீட்டைத் திறக்கும்போது பெயர் எண் எழுதப்பட வேண்டும்; மொத்த எடை சுழியாக இருக்க வேண்டும். சென்ற மாதத்து எடை ஒட்டிக்கொண்டு வரக் கூடாது. இந்தத் தொடக்க வேலையைச் செய்யும் பகுதியைக் கல்லூரியில் ‘கன்ஸ்ட்ரக்டர்’ என்பர். தமிழில் ஆக்கி எனலாம். பெயர் பெரிதாயினும் வேலை சிறிதே.

ஒரு சிறு பயிற்சி

பிள்ளைகள் இப்பயிற்சியைத் தாளில் செய்து பார்க்கலாம். பெற்றோரும் உடன் அமரலாம். கிலோவுக்கு 30 சென் கூலி என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.

பெயர் எண் 14-க்கு ஒரு சீட்டைத் திறக்கிறோம். காலையில் 120 கிலோ சேர்க்கிறோம். மாலையில் 100 கிலோ சேர்க்கிறோம். பெயர் எண் 15-க்கு மற்றொரு சீட்டைத் திறந்து 180 கிலோ சேர்க்கிறோம். இப்போது இரு சீட்டுகளையும் ‘கூலி சொல்’ என்று கேட்டால் என்ன விடை வரும்? பதினான்காம் சீட்டின் மொத்த எடை 220 கிலோ. கூலி 66 ரிங்கிட். பதினைந்தாம் சீட்டின் கூலி 54 ரிங்கிட். கட்டளை ஒன்றுதான். சீட்டுகள் வேறாதலால் விடைகள் வேறாயின.

இனி மாணவர் பலரை வீழ்த்தும் கேள்வி ஒன்று. பதினான்காம் சீட்டை ‘அ’ என்று அழைக்கிறோம். பின்னர் ‘ஆ என்பதும் அ-வே’ என்று எழுதுகிறோம். அடுத்து ஆ-வில் 10 கிலோ சேர்க்கிறோம். இப்போது அ-வின் மொத்த எடை எவ்வளவு?

220 என்று சொல்பவர் பலர். ஆ என்பது படியெடுத்த புதிய சீட்டு என்று அவர்கள் எண்ணுகின்றனர். சரியான விடை 230. புதிய சீட்டு எதுவும் திறக்கப்படவில்லை. இருக்கும் ஒரே சீட்டுக்கு இரண்டாவது பெயர் சூட்டினோம். வீட்டில் சின்னப்பிள்ளை என்றும் பெரட்டில் பதினான்காம் பெயர் என்றும் அழைக்கப்படும் ஒருவர் இரண்டு பேராக ஆகிவிடுவதில்லை அல்லவா? சின்னப்பிள்ளைக்குக் கொடுத்த சோறு பதினான்காம் பெயர்க்காரரின் வயிற்றுக்கே செல்லும். ஜாவாவிலும் பைத்தானிலும் பொருள்கள் இவ்வாறே நடந்துகொள்கின்றன. சி பிளஸ் பிளஸ் மொழியிலோ இதைப்போல் எழுதினால் பெரும்பாலும் புதிய படியே உண்டாகும். ஆகையால் தாம் படிக்கும் மொழி எவ்வாறு நடக்கிறது என்பதை மாணவர் ஆசிரியரிடம் கேட்டுத் தெளிவது அவசியம்.

சீட்டில் யார் எழுதலாம்?

அடுத்த பாடம் ‘என்கேப்சுலேஷன்’. தமிழ்ப் பாடநூல்கள் உறைபொதியாக்கம் என்கின்றன. சொல் கடுமையானது, பொருள் தொழிலாளர் யாவரும் அறிந்தது.

நிறுவைச் சீட்டில் வருவோர் போவோரெல்லாம் எழுதினால் என்ன ஆகும்? ஒருவர் எடையைக் கூட்டுவார், ஒருவர் குறைப்பார், மாத முடிவில் சச்சரவு எழும். ஆகையால் தராசில் நிறுத்த பிறகே எடையை எழுத வேண்டும், அதற்கெனப் பொறுப்பேற்றவரே எழுத வேண்டும் என்று முறை வைத்திருக்கிறோம். கணினிச் சீட்டுக்கும் அதே முறைதான். ‘மொத்த எடை’ என்னும் பண்பை வெளியார் தொட முடியாதபடி மறைத்து வைத்து, ‘எடை சேர்’ என்னும் செயற்கூறு வழியாக மட்டுமே அதனை மாற்ற இடமளிக்கிறோம். அந்தச் செயற்கூறு, சுழிக்குக் குறைந்த எடை வந்தால் ஏற்க மறுக்கும். ஒரே ஆளின் ஒரே நிறுவையில் ஐயாயிரம் கிலோ வந்தால் பிழை என்று அறிவிக்கும்.

தேர்வுக்காக இதற்கு ஓர் இலக்கணத்தை மனப்பாடம் செய்தவர் மறுநாள் மறந்துவிடுவார். ஒரு தொழிலாளியின் கூலியில் மற்றவர் கை வைக்காமல் காப்பதற்கே இந்த வேலி என்று புரிந்துகொண்டவர் மறக்க மாட்டார்.

ஒரே கட்டளை, பல வேலை

விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் “வேலைக்குப் புறப்படுங்கள்” என்று மண்டோர் ஒரு முறைதான் சொல்கிறார். பால் வெட்டுபவர் தம் நிரைக்குச் செல்கிறார்; புல் வெட்டுபவர் வெளிக்காட்டுக்குச் செல்கிறார்; ஸ்டோரில் வேலை செய்பவர் ஸ்டோருக்குச் செல்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கட்டளை ஒன்று, அதை நிறைவேற்றும் முறை அவரவர்க்கு உரியது. இதனையே ‘பாலிமார்ஃபிசம்’, அதாவது பல்லுருவாக்கம் என்று கல்லூரியில் கற்பிக்கின்றனர்.

நம் கணக்குக்கு வருவோம். கொழுந்துத் தொழிலாளியின் கூலி கொழுந்தின் எடையைப் பொறுத்தது. பால் வெட்டுத் தொழிலாளிக்குப் பாலின் எடை மட்டும் போதாது. அதில் உள்ள உலர் ரப்பரின் விழுக்காட்டையும் பார்க்க வேண்டும். 40 கிலோ பாலில் உலர் ரப்பர் 33 விழுக்காடு என்றால் கணக்கில் வருவது 13.2 கிலோ. நாட்கூலிக்காரருக்கு எடையே தேவையில்லை. வேலை நாட்களே கணக்கு. மூவருக்கும் மூன்று படிவங்கள் வேண்டும். ஆனால் பெயர் எண், வேலைக்கு வந்த நாட்கள் ஆகியவை மூவருக்கும் பொது. அவற்றை மூன்று முறை எழுதுவது வீண்.

ஆகவே ‘தொழிலாளி’ என்று ஒரு பொதுப் படிவம் செய்து பொதுவானவற்றை அதில் வைக்கிறோம். மற்ற மூன்று படிவங்களும் அதிலிருந்து அவற்றைப் பெற்றுக்கொண்டு தமக்கு உரியதை மட்டும் சேர்த்துக்கொள்கின்றன. பெற்றோரிடமிருந்து பிள்ளைகள் பெறுவதைப்போல் இருப்பதால் இதனை ‘இன்ஹெரிட்டன்ஸ்’ என்றனர். தமிழில் மரபுரிமம். மாத முடிவில் எல்லாச் சீட்டுகளையும் ஒரே கட்டாக வைத்துக்கொண்டு ‘கூலி சொல்’ என்று வரிசையாகக் கேட்டால், ஒவ்வொரு சீட்டும் தன் முறைப்படி கணக்கிட்டுத் தரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மரபுரிமத்தைக் கற்ற புதிதில் மாணவர்கள் அதனை எல்லா இடத்திலும் பயன்படுத்தி மாட்டிக்கொள்கின்றனர். பால் வெட்டுபவர் ஒரு தொழிலாளி. ஆகவே அங்கே மரபுரிமம் பொருந்தும். வாளி தொழிலாளியின் ஒரு வகையன்று. தொழிலாளியிடம் இருக்கும் ஒரு பொருள். ‘இது அதன் ஒரு வகையா, அதனிடம் உள்ளதா?’ என்று தாய்மொழியில் ஒரு முறை கேட்டுக்கொண்டால் இப்பிழை நேராது.

ஓரிடத்தில் மாற்றினால் போதும்

இம்முறையால் என்ன நன்மை என்று கேட்கலாம். நம் நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தைப் பாருங்கள். தீபகற்ப மலேசியாவில் 2013-இல் மாதம் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய இது, 2022-இல் 1,500 ரிங்கிட்டாக உயர்ந்தது. பின்னர் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டு, ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கு 2025 பிப்ரவரி முதல் தேதியிலும், ஏனையோருக்கு 2025 ஆகஸ்டு முதல் தேதியிலும் நடப்புக்கு வந்தது. கிலோக் கணக்கில் கூலி பெறுவோரையும் இந்த ஆணை உள்ளடக்குகிறது.

ஒரு கூலிக் கணக்கு நிரலில் 1,500 என்னும் எண் நாற்பது இடங்களில் சிதறிக் கிடப்பதாகக் கொள்வோம். முப்பத்தொன்பது இடங்களில் 1,700 என்று திருத்தி ஓரிடத்தை விட்டுவிட்டால், அந்த ஓரிடத்தால் யாரோ ஒரு தொழிலாளிக்கு மாதம் 200 ரிங்கிட் வரை குறையலாம். அவர் காரணம் அறியாமல் அலுவலக வாசலில் நிற்பார். அதே எண்ணைப் பொதுப் படிவத்தில் ஓரிடத்தில் மட்டும் வைத்திருந்தால், ஒரு முறை மாற்றினால் எல்லாச் சீட்டுகளுக்கும் அது சென்று சேரும். மேலும் ‘முழு மாதம் உழைத்தவரின் கூலி இதற்குக் குறைந்தால் எச்சரி’ என்று அப்படிவத்திலேயே ஒரு சோதனையையும் வைக்கலாம். முன் சொன்ன தொழிலாளி 25 நாளும் 220 கிலோ எடுத்தால் 5,500 கிலோ. 30 சென் வீதம் 1,650 ரிங்கிட். சீட்டு உடனே எச்சரிக்கும்; குறையும் 50 ரிங்கிட் கண்ணில் படும். நிரலை நன்றாக அமைப்பது ஏட்டுப் படிப்போடு நிற்பதன்று, ஒருவரின் சம்பளத்தோடும் சேர்ந்தது என்பதற்கு இதுவே சான்று.

இப்பாடம் பிறந்த கதை

இம்முறை நார்வே நாட்டில் பிறந்தது. ஆஸ்லோ நகரில் உள்ள நார்வே கணினி நிலையத்தில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்னும் இருவர் 1960-களில் சிமுலா என்னும் நிரல் மொழியை உருவாக்கினர். வரிசையில் காத்து நிற்போர், தொழிற்சாலையில் நகரும் பொருள்கள் போன்ற உலகியல் நிகழ்ச்சிகளைக் கணினியில் நடத்திப் பார்ப்பதே அவர்களின் நோக்கம். உலகில் உள்ள ஒவ்வொன்றுக்கும் கணினியில் ஒரு பொருள் வேண்டும் என்ற எண்ணம் அதனால் எழுந்தது. 1967-ஆம் ஆண்டின் சிமுலாவிலேயே இனக்குழு, பொருள், மரபுரிமம் ஆகிய மூன்றும் இடம்பெற்றன. பின்னர் 1970-களில் அமெரிக்காவில் ஆலன் கே குழுவினர் ஸ்மால்டாக் மொழியை அமைத்தனர். ‘ஆப்ஜெக்ட் ஓரியண்டட்’ என்னும் தொடரை வழங்கியவரும் அவரே. டென்மார்க்கைச் சேர்ந்த பியார்னே ஸ்ட்ராஸ்ட்ரப் 1979-இல் தொடங்கிய பணி 1983-இல் சி பிளஸ் பிளஸ் எனப் பெயர் பெற்றது. பைத்தான் 1991-இலும் ஜாவா 1995-இலும் வெளிவந்தன. இன்று நம் கல்லூரிகள் பெரும்பாலும் இம்மூன்று மொழிகளுள் ஒன்றிலேயே இப்பாடத்தைக் கற்பிக்கின்றன.

நைகார்டைப் பற்றி நம் வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் அவர் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் சேர்ந்து பணியாற்றினார். பணியிடங்களுக்குக் கணினி வரும்போது அதனைப் பற்றித் தொழிலாளரும் அறிந்திருக்க வேண்டும், அது எவ்வாறு பயன்பட வேண்டும் என்பதில் அவர்களுக்கும் சொல்லுரிமை வேண்டும் என்பது அப்பணியின் கருத்து. டாலும் நைகார்டும் கணினித் துறையின் உயர்ந்த விருதாகிய டூரிங் விருதை 2001-ஆம் ஆண்டுக்குப் பெற்றனர். இருவரும் 2002-இல் மறைந்தனர். தொழிலாளரின் பக்கம் நின்ற ஒருவர் உருவாக்கிய கல்வி, தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அயலானது ஆகாது.

மாணவர்கள் செய்ய வேண்டியவை

இப்பாடத்தைப் படித்துத் தேர முடியாது. செய்தே தேர வேண்டும். பால் வெட்டும் கத்தியைப் பிடிக்கும் முறையை நூலில் படித்தவர் எவரும் பட்டையைக் காயப்படுத்தாமல் வெட்டிவிட முடியாது அல்லவா?

முதலாவது, கணினியைத் தொடுமுன் தாளை எடுக்க வேண்டும். கேள்வியில் வரும் பெயர்ச்சொற்களைக் கோடிட்டால் படிவங்களும் பண்புகளும் தெரியும். வினைச்சொற்களைக் கோடிட்டால் செயற்கூறுகள் தெரியும். மேலே காட்டியவாறு படிவத்தை வரைந்த பின்னரே நிரலை எழுதத் தொடங்க வேண்டும். மலைப்பகுதியில் இணையத் தொடர்பு விட்டு விட்டு வரினும், சொந்தக் கணினி இல்லாவிடினும் தாளில் செய்யும் இவ்வேலைக்குத் தடையில்லை.

இரண்டாவது, நிரலை ஓடவிடுமுன் விடை என்ன வரும் என்று தாளில் எழுதி வைக்க வேண்டும். வந்த விடை வேறாயின் தம் எண்ணத்தில் எவ்விடம் பிழை என்பதை அது காட்டும். இவ்வாறு கண்டறியும் பிழை ஒவ்வொன்றும் ஒரு பாடம்.

மூன்றாவது, கணினி பிழை அறிவிப்புகளைக் காட்டும்போது அஞ்சி மூடிவிடக் கூடாது. அறிவிப்பு எந்த வரியைக் காட்டுகிறது என்று பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு பிழையை மட்டும் திருத்தி மீண்டும் ஓடவிட வேண்டும். ஜாவா, சி பிளஸ் பிளஸ் மொழிகளில் முதற்பிழையைத் திருத்தினால் அதனால் விளைந்த மற்றப் பிழைகள் தாமே மறைவதும் உண்டு.

நான்காவது, வாரத்துக்கு ஒரு நாள் ஐந்து மணி நேரம் உட்காருவதைவிட நாளுக்கு ஒரு மணி நேரம் பயில்வது மேல். கல்லூரிக் கணினிக் கூடம் மாலையில் திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டறிந்து பயன்படுத்த வேண்டும். விடுமுறையில் ஊர் திரும்புவோர், முன்பு பெடி என அழைக்கப்பட்டு இன்று நாடி எனப் பெயர் பெற்றுள்ள அரசாங்கத் தகவல் பரப்பு மையம் அருகில் இருப்பின் அங்குச் சென்று பயிலலாம்.

ஐந்தாவது, இன்று கேட்டவுடன் நிரலை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. புரியாததை விளக்கச் சொல்லிக் கேட்பது தவறன்று. அது எழுதித் தந்ததை அப்படியே ஒப்படைப்பவரோ பிறர் வெட்டிய மரத்தின் பாலைத் தம் பெயரில் நிறுப்பவரை ஒப்பார். தேர்வுக் கூடத்தில் கத்தி அவர் கையில்தான் இருக்கும்.

ஆறாவது, கேட்க வெட்கப்படக் கூடாது. வகுப்பில் மற்றவர்க்கெல்லாம் புரிந்துவிட்டது என்று தோன்றும். உண்மை பெரும்பாலும் அவ்வாறிராது. “படிவத்திற்கும் சீட்டிற்கும் உள்ள வேறுபாடு எனக்கு விளங்கவில்லை” என்று குறிப்பாகக் கேட்கும் மாணவருக்கு ஆசிரியர் மகிழ்ந்து உதவுவார். “ஒன்றுமே புரியவில்லை” என்று சொல்பவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று ஆசிரியர்க்கே விளங்காது.

பெற்றோருக்கு

பெற்றோர்களே, கல்லூரியிலிருந்து வந்த பிள்ளையிடம் “தேர்வில் எத்தனை புள்ளி?” என்று மட்டும் கேட்காதீர்கள். “உன் பாடத்தில் வரும் ஒரு சீட்டை எனக்குக் காட்டு, அது எதை வைத்திருக்கிறது, எதைச் செய்கிறது?” என்று கேளுங்கள். பிள்ளை தமிழில் விளக்கத் தொடங்கும்போதே தனக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்பதை உணர்ந்துகொள்ளும். நீங்களும் வாளாவிருக்க வேண்டியதில்லை. மழை நாளில் கூலி எவ்வாறு, ஒட்டுப்பாலுக்கு எவ்வாறு, பாதி நாளில் திரும்பியவருக்கு எவ்வாறு என்று உங்கள் அனுபவத்திலிருந்து வினாக்களை எழுப்புங்கள். அவ்வினாக்கள் ஒவ்வொன்றும் பிள்ளையின் நிரலுக்கு ஒரு நல்ல சோதனை. பேராசிரியர்க்கும் தெரியாத தோட்டத்து நுணுக்கம் உங்களிடம் இருக்கிறது.

முதற்பருவத்தில் ஒரு பாடத்தில் தவறிவிட்டால் அதுவே முடிவு என்று கொள்ளற்க. மீண்டும் எழுத வாய்ப்பு உண்டா என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டறிந்து, பிள்ளையின் ஆலோசகரையும் கண்டு பேசிய பின்னரே துறை மாற்றத்தைப் பற்றி எண்ண வேண்டும். பணநெருக்கடியால் படிப்பை விட எண்ணுவோர், 1997 முதல் நடைமுறையில் உள்ள பி.டி.பி.டி.என். கல்விக் கடனைப் பற்றி முதலில் விசாரித்தல் வேண்டும்.

நம் கூலிச் சீட்டுகளைக் கணக்கிடும் நிரல்களை இதுவரை யார் யாரோ எழுதி வந்தனர். தராசின் முன் நின்றவரின் மகனோ மகளோ அவற்றை எழுத முற்பட்டால், சீட்டில் எதைக் காக்க வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கும். ரிங்லெட்டின் மலைச்சரிவிலிருந்தும், ரப்பர்த் தோட்டத்து லயங்களிலிருந்தும் கல்லூரிக்குச் சென்றுள்ள பிள்ளைகள் இன்றே ஒரு தாளை எடுத்து முதற்படிவத்தை வரைவார்களாக.